செல்வி வீட்டுக்கு இரண்டாவது நாய்

மக்களே, ஷீபா, அஜின்,

நீங்கள் இரண்டு பேரும் சுசீந்திரத்தில் நாய்த் தங்குமிடம் தொடங்கி ஒரு வருடம் ஆகப் போகிறது. ஊருக்குப் போகிறவர்கள் நாயைக் கொண்டுவந்து விடுகிறார்கள், திரும்பி வந்து கூட்டிப் போகிறார்கள். அந்த வேலை நன்றாகத்தான் நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே அங்கே வந்து உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, அன்று மத்தியானத்துக்குள் மூன்று பேர் இரண்டாவது நாய் வாங்குவது பற்றி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வீட்டுல ஒரு பட்டி நிக்குது. கூட ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். என்ன ஜாதி வாங்கலாம்?"

அஜின் உடனே போனை எடுத்துப் படம் காட்டினான். ஷீபா, வீட்டில் நிற்பது ஆணா பெண்ணா, எத்தனை வயது என்று கேட்டு நோட்டில் எழுதினாள். ஆணுக்குப் பெண் துணை நல்லது, வயதான நாய்க்கு ரொம்பச் சின்னக் குட்டி தொந்தரவு என்று சொன்னாள். எல்லாம் சரிதான். நான் வாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் முன்னால் அப்பா புத்தி சொன்னால் உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேசினால் நீங்கள் போனைப் பார்ப்பீர்கள். எழுதி வைத்தால் என்றைக்காவது வாசிப்பீர்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கால்நடை மருந்தகத்தில் உதவியாளனாக முப்பது வருடத்துக்கு மேல் மாட்டையும் ஆட்டையும் நாயையும் பிடித்துக் கொடுத்தவன். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், நான் மாறவில்லை. அதனால் ஊர்க்காரர்களுக்கு டாக்டரைவிட என்னைத்தான் தெரியும். நாய் வேண்டுமென்றாலும், இருக்கிற நாயை யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். எத்தனையோ வீட்டுக்கு இரண்டாவது நாய் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் நடந்தது. அத்தனை வருடமும் நான் எதைப் பார்க்காமல் இருந்தேன் என்று அந்த வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

இரணியலுக்கும் தக்கலைக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு. அங்கே செல்வி தனியாக இருந்தாள். நாற்பது வயது இருக்கும், பிள்ளைகள் இல்லை. கணவர் ராஜனுக்கு மஸ்கட்டில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். அந்த வீட்டு நாயின் பெயர் மணி. நாட்டு நாய், ஆண், ஒன்பது வயது, செங்கல் நிறம். காதில் அடிக்கடி சீழ் வைக்கும், அதற்காக மருந்தகத்துக்கு வரும். மேஜை மேல் தூக்கி வைத்தால் நம் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கும். அவ்வளவு சாது.

அந்த ஜனவரியில் செல்வி தனியாக வந்தாள். மணி கடிக்கத் தொடங்கிவிட்டது என்றாள். ரப்பர் மரத்தில் பால் வெட்ட வருகிறவரைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்காவின் கையில் பல் பட்டது. இரண்டு பேரும் மணியைக் குட்டியிலிருந்தே தூக்கி வளர்த்தவர்கள். அவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள். மணியைக் கட்டி வைத்து நாட்கணக்கில் பார்த்தோம், நோய் ஒன்றும் இல்லை. ஆனால் சேதி மஸ்கட்டுக்குப் போய்விட்டது.

ராஜன் அங்கிருந்தே ஒரு முடிவு சொன்னார். மணிக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது. ஈஸ்டருக்கு அவர் லீவில் வரும்போது நல்ல காவல் நாய் ஒன்று வீட்டில் நிற்க வேண்டும். அதோடு மணி ஒத்துப்போனால் இருக்கட்டும். ஒத்துப்போகாவிட்டால் மணியை எங்கேயாவது கொண்டு விட்டுவிட வேண்டும். கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டி விட்டால் திரும்பி வராது என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ராஜனைக் கெட்ட மனுஷனாக நினைத்துவிடாதீர்கள். மனைவி தனியாக இருக்கிற வீட்டில் கடிக்கிற நாய் நிற்கிறது என்றால், கடல் தாண்டி இருக்கிறவருக்குச் சோறு இறங்காது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "அண்ணே, அவரு மஸ்கட்டுல கெடந்த காலமெல்லாம் எனக்க கூட கெடந்தது இவன்தான். புதுசா வாற பட்டி எதுவானாலும் எனக்குச் சரி. இவன் வெளிய போவப்பிடாது. அப்பிடி ஒண்ணு பாத்துத் தாருங்கோ."

நான் அந்த வாரமே பார்த்துவிட்டேன். நாகர்கோவிலில் ஒரு குடும்பம் சென்னைக்கு மாறிப் போவதால் தங்கள் நாயைக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. ராஜபாளையம், இரண்டு வயது, வெள்ளை, ஆண். நின்றால் குதிரை மாதிரி இருக்கும். ராஜனுக்குப் படம் அனுப்பியதும் சம்மதம் என்று கட்டை விரலைத் தூக்கி அனுப்பினார். அதன் குணம் நல்லதுதான், நான் விசாரித்தேன். ஆனால் விசாரித்ததெல்லாம் வரப்போகிற நாயைப் பற்றி மட்டும். வீட்டில் நிற்கிற நாயைப் பற்றி ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. எனக்குத்தான் மணியைத் தெரியுமே என்ற நினைப்பு.

இனி என் பெரிய தப்பைச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே தம்ளரில் பாலும் ஒரே பழத்தில் பாதியும் கொடுக்கிறோம் அல்லவா? எங்கள் பக்கத்தில் புது நாய் வந்தாலும் அதையே செய்வோம். ஒரு பெரிய தட்டில் மீன்சோறு பிசைந்து வைத்து, பழைய நாயையும் புது நாயையும் ஒன்றாக விடுவோம். சேர்ந்து தின்றுவிட்டால் உறவாகிவிட்டது. நானே எத்தனையோ வீட்டில் அப்படித் தட்டு வைத்திருக்கிறேன், சரியாகவும் வந்திருக்கிறது. ஏன் சரியாக வந்தது என்று யோசித்ததில்லை. அந்த வீடுகளுக்கு வந்ததெல்லாம் பால் மறந்த குட்டிகள். குட்டி வந்து வாய் வைத்தால் பெரிய நாய் லேசாக உறுமிவிட்டு விலகிக் கொடுக்கும். நான் அதைத் தட்டின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வி சாளை மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து கொல்லைப்புறத்தில் தட்டை வைத்தாள். போனில் ராஜனை வீடியோவில் கூப்பிட்டு, புது மாப்பிள்ளை வந்தாச்சு, பாருங்கோ என்று காட்டினாள். மணி தட்டில் தலையைக் குனிந்தது. நான் ராஜபாளையத்தை அவிழ்த்துவிட்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டு மணியின் பின்பக்கமாக வந்து, விலாவை ஒட்டித் தலையை நீட்டியது. அவ்வளவுதான் செய்தது. மணி திரும்பிய வேகத்தை நான் எந்த நாயிடமும் பார்த்ததில்லை. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வீசி, கட்டையை நடுவில் கொடுத்துப் பிரிப்பதற்குள் வெள்ளை நாயின் காது கிழிந்துவிட்டது. மணியின் முன்னங்காலில் ஆழமாக ஒரு காயம். சோறெல்லாம் மண்ணில். செல்வியின் கையிலிருந்த போன் கீழே விழுந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதற்குள்ளிருந்து ராஜன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான்தான் எடுத்துப் பேசினேன். "அண்ணே, உங்க கண்ணாலயே கண்டியளே," என்றார். சத்தம் போடவில்லை. "இனி என்னத்தப் பாக்கதுக்கு இருக்கு? நான் வாற வரைக்கும் கெட்டிப் போடட்டும். வந்து நானே கொண்டு விட்டுட்டு வாறேன்."

வெள்ளை நாய் காதில் கட்டோடு நாகர்கோவில் வீட்டுக்கே திரும்பிப் போனது. மணியைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தேன். அப்போது இருந்த டாக்டர் மதுரைப் பக்கத்துப் பெண். ஷீபாவைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும். வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்குள் கொஞ்சம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. அவர் தையல் போட்டு முடித்தார். கை கழுவும்போது கேட்டார். எப்போதிலிருந்து இப்படி என்றார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு என்றேன். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்றார். எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான், சர்ச், கேக், கறி, வேறென்ன என்றேன்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "குரைக்கிறதுக்கு முன்னாடி மணி எங்க பாக்குது, அண்ணே?"

முப்பது வருடம் நாயின் வாயைப் பிடித்தவன் நான். பல் எங்கே போகிறது என்று பார்ப்பேனே தவிர, கண் எங்கே போகிறது என்று பார்த்ததில்லை. அவருக்கும் பதில் தெரியாது, தெரிந்துகொண்டு கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு கேட்டார். அது எனக்குப் புதுசாக இருந்தது. "சும்மா போய் உக்காந்து பாத்துட்டு வாங்க. எதையும் சரி பண்ணாதீங்க," என்றார்.

மறுநாள் லீவு போட்டேன். செல்வி வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். செல்வி, அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்பது போல என்னைப் பார்த்துவிட்டுக் காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

மணி அடுக்களை வாசல்படியில் படுத்திருந்தது. கழுத்தில் சங்கிலி, காலில் கட்டு. ரப்பர் வெட்டுகிறவர் வேலிக்கு அந்தப் பக்கம் வாளியைத் தட்டிக்கொண்டு போனார். மணி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மீன்காரர் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தார். சுற்று வட்டாரத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. மணி தலையைக் கூடத் தூக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. அது பார்த்துக்கொண்டிருந்தது பிலாமரத்து அடியை. அங்கே கம்பிவலை போட்ட ஒரு கூடு. காலியாகக் கிடந்தது. மீன்காரர் போனார், கேஸ் சிலிண்டர் வந்தது, கேட் திறந்தது, மூடியது. மணியின் கண் அந்தக் காலிக் கூட்டை விட்டு நகரவில்லை.

செல்வியைக் கூப்பிட்டு அங்கே என்ன நின்றது என்று கேட்டேன்.

"வான்கோழி அண்ணே. சேவல். மூணு வருஷமா நின்னது," என்றாள். யாராவது கேட்டைத் தொட்டாலே போதும், சிறகைத் தரையில் உரசிக்கொண்டு, வாலை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடுமாம். உடனே மணி எழும்பிக் கேட்டுக்கு ஓடுமாம். இரண்டும் நல்ல கூட்டாளிகளாம். அது போன துக்கத்தில்தான் மணிக்குக் கோபம் வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அது எங்க?" என்றேன்.

செல்வி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கிறிஸ்துமஸுக்கு அறுத்தாச்சே. உங்க வீட்டுக்கும் ஒரு தூக்குப் போணியில குடுத்து விட்டேனே அண்ணே. நல்லா இருந்துதுன்னு போன் போட்டுச் சொன்னியளே."

நல்லாத்தான் இருந்தது. உங்கள் அம்மா இரண்டாவது தடவை போட்டாள், நீங்களும் தின்றீர்கள்.

நான் அடுக்களைக்குள் போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வந்தேன். மணிக்குப் பின்னால் எட்டடி தள்ளி நின்று அதைத் துவைகல்லின் மேல் போட்டேன். பிலாமரத்திலிருந்த காக்கா எல்லாம் பறந்தது. பக்கத்து வீட்டு அக்கா என்ன என்ன என்று கேட்டாள். மணியின் காது மடல்கூட ஆடவில்லை. அப்புறம் நான் சுற்றிக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றேன். என்னைக் கண்டதும் எப்போதும் போல வாலை ஆட்டியது.

அந்தக் காதை எத்தனை தடவை பஞ்சு வைத்துத் துடைத்திருக்கிறேன். மருந்து விட்டிருக்கிறேன். அது கேட்கிறதா என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு காதும் போய்விட்டது, திடீரென்று போகவில்லை, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்றார். போகப் போக மணி வான்கோழியைப் பார்க்கப் பழகிக்கொண்டது. வான்கோழி விரித்தால் ஆள் வருகிறது, எழும்பு. வான்கோழி மேய்ந்தால் யாருமில்லை, படு. டிசம்பர் இருபத்து நான்காம் தேதி வரைக்கும் அந்த நாய்க்குக் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லாம் பின்னாலிருந்து திடீரென்று முளைத்தார்கள். ரப்பர் வெட்டுகிறவர், பக்கத்து வீட்டு அக்கா, ராஜபாளையம் எல்லாமே பின்னாலிருந்து.

ஷீபா, உன் நோட்டில் ஆணா பெண்ணா, வயது என்ன என்று கோடு போட்டிருக்கிறாய். இன்னொரு கோடு போடு. சமீபத்தில் அந்த வீட்டை விட்டுப் போனது என்ன? ஆளாக இருக்கலாம், மாடாக இருக்கலாம், கோழியாகவும் இருக்கலாம். கேட்டால் வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

"அப்ப நமக்கு வேண்டியது ரெண்டாவது நாய் இல்லண்ணே, ரெண்டாவது வான்கோழி," என்றார் டாக்டர். செல்வி அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, தக்கலைச் சந்தையில் கிடைக்குமே என்றாள். இருட்டினால் வான்கோழி கூட்டில் அடைந்துவிடும், பாதி நாள் மணிக்குக் காது இருக்காது என்று சொன்னேன். அடுத்த கிறிஸ்துமஸும் வரும் என்பதை நான் சொல்லவில்லை. அவளே நினைத்துக்கொண்டாள், முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் நாய் தேடிய விதமே மாறிவிட்டது. இனத்தைக் கேட்கவில்லை, உயரத்தைக் கேட்கவில்லை. போன இடத்தில் எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். ஆள் வந்தால் இது என்ன செய்கிறது? படுத்திருக்கிற நாய்க்குப் பக்கத்தில் எந்த வழியாக வருகிறது? அடுத்தவர் தட்டைப் பார்க்கிறதா? திங்கள்சந்தையில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு, அருமையான நாய். ஆனால் ஆள் வந்ததும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் அம்பு மாதிரி கேட்டுக்குப் போனது. மணிக்கு அதன் முதுகுதான் தெரியும். ஒரு லாப்ரடார் குட்டி, தூங்குகிற எதைக் கண்டாலும் மேலே விழுந்தது. அது மணிமேல் விழுந்தால் குட்டி மிஞ்சாது.

மார்ச் மாதம் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு நாள் திருவனந்தபுரம் போவதற்காக இரணியல் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டிக்குக் காத்திருந்தேன். பிளாட்பாரத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. கடைக்கு முன்னால் ஒரு கிழட்டுக் கறுப்பு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பெண் நாய். வெள்ளை, அங்கங்கே தவிட்டு நிறத்தில் திட்டு, இளைத்த உடம்பு. வண்டி வருகிறது என்று ஒலிபெருக்கி சொல்வதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். வாலைக் கம்பு மாதிரி நிமிர்த்திக்கொண்டு இரண்டு குரை குரைத்து, இங்கும் அங்கும் ஓடினாள். அப்புறம் செய்ததுதான் என்னை உட்கார வைத்தது. தூங்குகிற கிழட்டு நாயிடம் நேராகப் போகாமல், பெரிதாக ஒரு சுற்றுச் சுற்றி அதன் முகத்துக்கு எதிரே வந்து, இரண்டு முன்னங்காலாலும் தரையைத் தட்டினாள். கிழடு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. நிதானமாக எழுந்து, இறங்குகிற ஆட்கள் எறியும் வடைத் துண்டுக்காகத் தன் இடத்தில் போய் நின்றது.

வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை. அடுத்த வண்டிக்கு இவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. அடுத்தது நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ். அவள் காதை மட்டும் திருப்பிவிட்டுத் தூங்கினாள்.

டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அவளுக்க பேரே பாசஞ்சர்னுதான்," என்றார். "நிக்காத வண்டிக்கு எழும்ப மாட்டா. எந்தத் துரை அதுல போனாலும் சரி." அவர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போகப் போகிறார். வாடகை வீடு. கிழட்டை மட்டும் கூட்டி வரலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். பாசஞ்சரை என்ன செய்வது என்று தெரியாமல் மூடுகிற நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

ஊசி, ஆபரேஷன், நாள் எண்ணிக் காத்திருந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை, விடுகிறேன். முதலில் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. ரப்பர் தோட்டத்து வழியில் செல்வி மணியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரையில் நடந்தாள், நான் பாசஞ்சரோடு இந்தக் கரையில் நடந்தேன். மூன்று நாள் அப்படியே நடந்தோம். நாலாவது நாள் வீட்டுக்கு வந்தால், செல்வி பெரிய தட்டு நிறைய மீன்சோறு பிசைந்து வைத்திருக்கிறாள்.

தட்டு இரண்டு, மூலையும் இரண்டு என்றேன்.

"அப்ப உறவு எப்பிடி வரும் அண்ணே?"

"வாறப்ப வரட்டும் பிள்ளே."

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காதது போலவே இருந்தன. பாசஞ்சர் பிலாமரத்து அடியில், அந்தக் காலிக் கூட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டாள். அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அங்கே நிழல் இருந்தது, படுத்தாள். ஆனால் மணியின் கண் ஏற்கெனவே போய்ப் போய் வந்த இடம் அது. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மருந்தகத்துக்குச் செல்வி போன் செய்தாள். ரப்பர் வெட்டுகிறவர் கேட்டைத் திறந்திருக்கிறார். "அண்ணே, அவ எழும்பி ஆடினா. இவன் அவளப் பாத்தான். பொறவு கேட்டப் பாத்தான்." அன்று முதல் மணியின் சங்கிலியைக் கழற்றிவிட்டோம்.

ராஜனிடம் செல்வி பாதியைத்தான் சொல்லியிருந்தாள். மணிக்குக் காது போய்விட்டது, புது நாய் வந்தாச்சு, சண்டை இல்லை என்று மட்டும். என்ன ஜாதி என்று அவர் கேட்டபோதெல்லாம், வந்து பாருங்கோ என்று பேச்சை மாற்றிவிட்டாள். மணி விஷயத்தில் அவர் மனசு மாறவில்லை. காது போன நாய் கடிக்கத்தானே செய்யும் என்றார். அதுவும் நியாயம்தான்.

ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். வளைகுடாவிலிருந்து வருகிற நம் ஆட்களுக்கு இது ஒரு ஆசை. ஒரு தேதி சொல்வார்கள், அதற்கு முன்னால் சொல்லாமல் வந்து நிற்பார்கள். வீட்டுக்காரி வாயைப் பிளக்க வேண்டும். நான் பாசஞ்சரின் தையல் தழும்பைப் பார்க்க வந்து, துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே செல்வி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ராஜன் காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு, கேட் வழியாக வராமல் ரப்பர் தோட்டத்துப் பக்கமாக வந்தார். தோளில் ஒரு பை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்துச் சிரித்தார்.

அடுக்களைப் படி சிவப்புச் சிமெண்டு. அதன்மேல் அதே நிறத்தில் மணி, தோட்டத்துக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. ராஜனின் கண் அடுக்களைக் கதவில் இருந்தது. படியில் நாய் கிடப்பது அவருக்குத் தெரியவில்லை. இன்னும் பத்தடி. நேராகக் காலை மணியின் மேல்தான் வைப்பார்.

நீங்கள் கேட்பீர்கள், அப்பா ஏன் கத்தவில்லை என்று. கத்தினால் ராஜனுக்குக் கேட்கும், மணிக்குக் கேட்காது. செல்வி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து அவளே மணியை மிதிப்பாள். நான் ஓடினால் என் கால் அதிர்விலேயே மணி பயந்து விழித்து, முதலில் தெரிகிற காலைக் கவ்வும். இதெல்லாம் எழுதத்தான் இவ்வளவு நேரம். அப்போது எனக்குள் ஓடியது ஒன்றுதான்: இன்றைக்கு இவரைக் கடித்துவிட்டால் மணி சாயங்காலம் காரில் ஏறிவிடும். நான் கையைத் தூக்கி நில்லுங்கள் என்று காட்டினேன். அவர் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து அவரும் கையைத் தூக்கினார். ஆறடி.

பிலாமரத்து அடியில் பாசஞ்சர் எழுந்தாள். அவள் ராஜனைப் பார்த்ததே இல்லை. காவல் நாய் என்றால் அவர்மேல் பாய்ந்திருக்க வேண்டும். வாலை நிமிர்த்தி இரண்டு குரை குரைத்தாள். ராஜன் திடுக்கிட்டு நின்றார். அவளோ அவரை விட்டுவிட்டு, கொல்லையைச் சுற்றிப் பெரிய வளையமாக ஓடி, மணியின் முகத்துக்கு எதிரே போய், இரண்டு முன்னங்காலாலும் படியைத் தட்டினாள்.

மணி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அவள் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தது. மெதுவாக எழுந்து நின்றது. முதுகு மயிர் கொஞ்சம் தூக்கியது. உறுமத் தொடங்கிய சத்தம் பாதியில் நின்றது. மூக்கைத் தூக்கி ஒரு தடவை இழுத்தது. அப்புறம் அதன் வால் ஆடியதா, உடம்பே ஆடியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நொண்டிக்கொண்டே போய் அவருடைய பேண்டில் தலையை முட்டி முட்டி அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. ராஜன் பையைத் தரையில் வைத்தார். குனிந்தவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். மணி தாடையை அவர் தோளில் வைத்துக்கொண்டது.

செல்வி சட்டுவத்தோடு வாசலுக்கு வந்து நின்றாள். வாயைப் பிளந்தாள்தான், ஆனால் ராஜன் அதைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்து, கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு பாசஞ்சரைத் தேடினார். அவள் ஒன்றும் நடக்காதது போலக் கூட்டுப் பக்கம் போய்ப் படுத்துவிட்டாள். இளைத்த உடம்பு, தவிட்டுத் திட்டு, எலும்பு தெரிகிற இடுப்பு எல்லாவற்றையும் அவர் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இதா காவல் பட்டி? இது என்ன ஜாதிட்டி?"

செல்வி உள்ளே திரும்பினாள். மீன் கரியத் தொடங்கியிருந்தது.

"வான்கோழி ஜாதி," என்றாள்.